கறுப்புப் பலகையும் வெள்ளை எழுத்தும்: இந்திய வாகனப் பதிவெண்ணின் வாசிப்பு வரலாறு

ஓட்டுநர் உரிமம் கோருபவர் தம் உடல்தகுதி குறித்துத் தாமே அளிக்க வேண்டிய உறுதிமொழிக்கு மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 ஒரு படிவத்தை வகுத்துள்ளன. படிவம் 1 என்பது அதன் பெயர். அதில் பார்வை பற்றிக் கேட்கப்படும் வினா கவனத்துக்குரியது. கண் மருத்துவரின் எழுத்து அட்டை அதில் இடம்பெறவில்லை. நல்ல பகல் வெளிச்சத்தில், 25 மீட்டர் தொலைவிலிருந்து, கண்ணாடி அணிபவராயின் அதை அணிந்துகொண்டு, ஒரு மோட்டார் காரின் எண் பலகையை இனங்காண முடியுமா என்றே அது கேட்கிறது. இதன் மூலம் பிரிட்டனில் உள்ளது. அங்கு 1935இல் ஓட்டுநர் தேர்வு கட்டாயமானபோது 25 கெஜத் தொலைவிலிருந்து எண் பலகையை வாசித்துக் காட்டுவதே பார்வைச் சோதனையாக அமைந்தது. இந்தியப் படிவத்தில் அது 25 மீட்டராக நிற்கிறது.

பலகையைக் கொண்டு கண்ணை அளக்கும் சட்டம், கண்ணைக் கொண்டு பலகையை எப்போதேனும் அளந்ததா என்ற வினா இதிலிருந்து எழுகிறது. இந்தியாவில் ஏறத்தாழ 2001 வரை தனியார் கார்களும் இருசக்கர வாகனங்களும் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்துகளைச் சுமந்து ஓடின. பின்னர் அவை வெள்ளைப் பலகைக்கு மாறின. கறுப்பு வாசிக்க இயலாதது, வெள்ளை தெளிவானது, ஆகவே மாற்றினார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அது பாதி உண்மை. கறுப்பு நிறம் தன்னளவில் வாசிப்புக்குப் பகையன்று. கறுப்புப் பலகைக்கு எழுத்து எப்படி இருக்க வேண்டும், அதை எந்த வெளிச்சத்தில் யார் வாசிப்பார் என்பதைச் சட்டம் தனியே எண்ணிப் பார்க்கவில்லை என்பதே மறுபாதி.

வாகனங்களுக்கு எண் பொறிக்கும் வழக்கத்தின் தொடக்கமாகப் பாரிஸ் காவல்துறையின் 1893ஆம் ஆண்டு ஆணையைச் சுட்டுவர். இந்தியாவுக்கு வந்த மரபோ பிரிட்டனின் 1903ஆம் ஆண்டு மோட்டார் கார் சட்டத்திலிருந்து கிளைத்தது. அச்சட்டம் 1904 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அது ஒரு பேரத்தின் விளைவு. கார் உரிமையாளர்கள் மணிக்கு 14 மைல் என்ற வேக வரம்பை உயர்த்தக் கோரினர். நாடாளுமன்றம் அதை 20 மைலாக உயர்த்தியது. அதற்கு ஈடாக ஒவ்வொரு காரும் பதிவுசெய்யப்பட்டு எண் தாங்க வேண்டும் என்றது. எண் தாங்குவது வாடகைக் குதிரை வண்டிகளுக்குரிய இழிவு என்று கருதிய கனவான்கள் முதலில் முகம் சுளித்தனர். ஆயினும் 'ஏ 1' என்ற எண்ணைப் பெற ஏர்ல் ரஸ்ஸல் முந்திக்கொண்டார். இவர் தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் தமையனார். கௌரவ எண்ணுக்கான ஆசை எண் பலகையுடன் உடன்பிறந்தது போலும்.

அன்றைய விதிகள் எழுத்தின் உயரத்தை மூன்றரை அங்குலம் என்றும், கோட்டின் தடிமனை ஒரு அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு என்றும் வரையறுத்தன. நிறம் கறுப்பின்மேல் வெள்ளை. அந்த எண்ணை வாசிக்க வேண்டியவர் சாலையோரம் நிற்கும் காவலர். அவர் வாசிக்க வேண்டியது பகலில், மெதுவாகச் செல்லும் வண்டியின்மேல். இரவுக்காகப் பின்பலகைக்கு ஒரு விளக்கு வைக்கச் சொன்னார்கள். மணிக்கு 20 மைல் உலகத்துக்கு இவ்வளவும் போதுமானதாக இருந்தது.

இந்தியாவில் முதலில் மாகாணங்களே தத்தம் சட்டங்களை இயற்றின. வங்காளம் 1903லும், பம்பாய் 1904லும், சென்னை 1907லும் அவ்வாறு செய்தன. 1914ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வாகனச் சட்டம் இவற்றை ஒரு குடையின்கீழ் கொணர்ந்தது. ஆனால் பதிவெண்ணின் இந்திய முகத்தை உருவாக்கியது 1939ஆம் ஆண்டுச் சட்டமே. ஒவ்வொரு மாகாணத்துக்கும் எழுத்துத் தொகுதிகள் ஒதுக்கப்பட்டன. மூன்று எழுத்துகளும் நான்குக்கு மிகாத இலக்கங்களும் என்ற அமைப்பு அரை நூற்றாண்டு நீடித்தது. அச்சட்டத்தின் கீழ் நிலைபெற்ற வழக்கில் நிறமும் ஒரு புதிய பணியை ஏற்றது. தனியார் வாகனத்துக்குக் கறுப்பின்மேல் வெள்ளை; வாடகைக்கும் சரக்குக்கும் ஓடும் போக்குவரத்து வாகனத்துக்கு வெள்ளையின்மேல் கறுப்பு. ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம்.

இந்தப் பிரிவினை எதற்கு? 1939ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்த சூழலை நினைவுகூர்ந்தால் காரணம் விளங்கும். 1930களில் பேருந்துகளும் லாரிகளும் இரயில்வேயின் வருவாயைக் கரைத்துக்கொண்டிருந்தன. மிட்செல்–கிர்க்னஸ் குழுவும், பின்னர் வெட்ஜ்வுட் குழுவும் இந்தப் போட்டியை ஆராய்ந்தன. அதன் பின் வந்த சட்டத்தின் இதயம் போக்குவரத்து வாகனங்களுக்கான பெர்மிட் முறையாகும். எந்த வண்டி கூலிக்கு ஓடுகிறது, எது சொந்த உபயோகத்துக்கு என்பதைச் சாலையில் நிற்கும் ஆய்வாளர் ஒரே பார்வையில் அறிய வேண்டும். எண்ணை அவர் பிறகு வாசித்துக்கொள்ளலாம். வகையை உடனே அறிய வேண்டும். ஆக, இந்தியப் பலகையின் நிறம் எழுத்தைத் துலக்கிக் காட்டுவதை விட, வண்டியின் வகுப்பை அறிவிக்கும் கடமையை முன்னிறுத்தியது. பின்னால் வரும் குழப்பங்கள் பலவற்றுக்கு வேர் இங்கே இருக்கிறது.

இனி எழுத்தின் அளவுக்கு வருவோம். 1989ஆம் ஆண்டு விதிகளின் 51ஆம் விதி கார், பேருந்து, லாரி ஆகியவற்றுக்கு எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர், கோட்டின் தடிமன் 10 மில்லிமீட்டர், எழுத்துகளுக்கு இடையிலான வெளி 10 மில்லிமீட்டர் எனக் குறிக்கிறது. இருசக்கர வாகனங்களின் பின்பலகை இலக்கத்துக்கு உயரம் 40 மில்லிமீட்டர். 70 சி.சி.க்குக் குறைந்த வண்டியின் முன்பலகையில் வெறும் 15 மில்லிமீட்டர். இந்த எண்களைக் கண்ணின் மொழிக்கு மாற்றிப் பார்ப்பது கடினமன்று. டச்சுக் கண் மருத்துவர் ஸ்னெல்லன் 1862இல் வகுத்த அளவுகோலின்படி, 6/6 பார்வை உடையவர் தம் கண்ணில் ஐந்து கலை கோணம் எழுப்பும் எழுத்தை அடையாளம் காண்பார். ஒரு கலை என்பது பாகையின் அறுபதில் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் 65 மில்லிமீட்டர் எழுத்து ஏறத்தாழ 45 மீட்டரிலிருந்து வாசிக்கத்தக்கது. 40 மில்லிமீட்டர் எழுத்துக்கு எல்லை ஏறத்தாழ 27 மீட்டர். 15 மில்லிமீட்டர் எழுத்துக்கு 10 மீட்டர். 1903ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் எழுத்தோ 61 மீட்டர் வரை நின்று பேசக்கூடியது. வேகம் பன்மடங்கு கூடிய காலத்தில் எழுத்து சுருங்கியிருக்கிறது.

இவை சோதனைக்கூடத்துத் தொலைவுகள். நல்ல வெளிச்சம், அசையாத பலகை, சுத்தமான வண்ணப்பூச்சு, குறையற்ற கண் ஆகிய நான்கும் சேர்ந்தால் கிடைப்பவை. மணிக்கு 60 கிலோமீட்டரில் விலகிச் செல்லும் கார் 45 மீட்டரை மூன்று விநாடிக்குள் கடந்துவிடும்.

இங்குதான் கறுப்பும் வெள்ளையும் வேறுபடத் தொடங்குகின்றன. கறுப்புப் பின்னணியில் உள்ள வெளிச்சமான உருவம் அதன் உண்மை அளவைவிடப் பருத்துத் தோன்றும். 19ஆம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விரிவாக ஆராய்ந்த ஒளிப்பரவல் மயக்கம் இது. வெள்ளைக் கோடு தன் கரையைத் தாண்டிக் கறுப்புக்குள் கசிகிறது. 8 என்ற இலக்கத்தின் இரு கண்களும் அடைபடுகின்றன. 6, 8, 9 ஆகியவை ஒன்றன் சாயலை ஒன்று ஏற்கின்றன. அந்திநேரத்தில் கண்ணின் பாவை விரியும்போது இந்தக் கசிவு மிகுகிறது. சிதறல் பார்வைக் குறை உடையவர்க்கு இன்னும் மிகுகிறது.

இதற்கான தீர்வு எளியது: கறுப்பின்மேல் எழுதும் வெள்ளைக் கோட்டை மெல்லியதாக்க வேண்டும். கர்ட் பெர்கர் 1944இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. அவர் எடுத்துக்கொண்ட இலக்கங்கள் 80 மில்லிமீட்டர் உயரமானவை. எண் பலகையின் இலக்கத்தை ஒத்த அளவு அது. வெள்ளையின்மேல் கறுப்பாயின் 10 மில்லிமீட்டர் தடிமனும், கறுப்பின்மேல் வெள்ளையாயின் 6 மில்லிமீட்டர் தடிமனும் மிகத் தொலைவிலிருந்து அடையாளம் காணப்பட்டன. உயரத்தோடு ஒப்பிட்டால் முன்னது எட்டில் ஒரு பங்கு. பின்னது ஏறத்தாழ பதின்மூன்றில் ஒரு பங்கு. பலர் எதிர்பாராத முடிவு ஒன்றும் அதில் உண்டு. தடிமனைச் சரியாகக் குறைத்துவிட்டால், கறுப்பின்மேல் அமைந்த வெள்ளை இலக்கம் வெள்ளையின்மேல் அமைந்த கறுப்பு இலக்கத்தைவிடச் சற்றுக் கூடுதல் தொலைவிலிருந்தே வாசிக்கப்பட்டது.

பாட்டர்சன், டிங்கர் ஆகிய உளவியலாளர்கள் 1931இல் அச்சுப் பக்கங்களை வைத்து நடத்திய ஆய்வில் வெள்ளைத் தாளின் கறுப்பு எழுத்தே விரைவாக வாசிக்கப்பட்டது என்பது உண்மைதான். ஆனால் நெருக்கமாக அச்சிட்ட பத்தியை வாசிப்பதும், தொலைவில் உள்ள ஏழெட்டுக் குறிகளை இனங்காண்பதும் வெவ்வேறு செயல்கள். அந்த முடிவை அப்படியே சாலைக்குக் கொண்டுவந்து கறுப்புப் பலகையைக் குற்றவாளியாக்குவது பொருந்தாது.

இந்திய விதி என்ன செய்தது? 65க்கு 10 என்பது ஆறரையில் ஒரு பங்கு. பெர்கர் கண்ட இரு உகந்த அளவுகளையும்விடத் தடித்தது. முக்கியமானது, கறுப்புப் பலகைக்கும் வெள்ளைப் பலகைக்கும் அதே தடிமனே விதிக்கப்பட்டது. வெள்ளையின்மேல் அது ஓரளவு தாங்கக்கூடிய மிகை. கறுப்பின்மேல் எழுத்தையே அடைத்துவிடும் மிகை. இதன்மேல் கடைவீதிப் பெயிண்டரின் கைவண்ணம் வேறு. தடித்த எழுத்து கம்பீரமானது என்று உரிமையாளர் கருதினார்; பெயிண்டர் நிழலும் சாய்வும் சேர்த்தார். சோடாபுட்டி அடிபோன்ற சுழியங்களும், கொக்கி வைத்த ஏழுகளும் கறுப்புத் தகட்டில் மினுங்கின. அந்தக் கைவினையை இகழ வேண்டியதில்லை. விதி அதற்கு வழிகாட்டவில்லை.

பகலில் சிக்கல் இவ்வளவே. இரவில் அது வேறு உருவம் கொள்கிறது. 105ஆம் விதியின்படி வாகனத்தின் பின்புறப் பதிவெண்ணை ஒரு வெள்ளை விளக்கு ஒளியூட்ட வேண்டும். 15 மீட்டர் பின்னாலிருந்து அது தெளிவாகத் தெரிய வேண்டும். ஓட்டுநரிடம் பகலில் 25 மீட்டரைக் கேட்கும் விதித்தொகுப்பு, வாகனத்திடம் இரவில் 15 மீட்டரோடு நிறைவடைகிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் 15 மீட்டர் என்பது ஒரு விநாடிக்கும் குறைவு. அந்தச் சிறு விளக்கு எரிந்தால்தான் அந்த விநாடியும். எரியாத விளக்கின்கீழ் கறுப்புப் பலகை வண்டியின் நிழலோடு கலந்துவிடும்; சாதாரண வண்ணப்பூச்சினாலான வெள்ளை எழுத்து, பின்னால் வரும் வண்டியின் முகப்பு விளக்கொளியை எல்லாத் திசையிலும் சிதறடித்துவிட்டுச் சிறிதளவையே திருப்பித் தரும். இந்தியச் சாலையின் புழுதியும் சேர்ந்துகொள்ளும். செம்மண் படிந்த கறுப்புத் தகடு வெளிறுகிறது, வெள்ளை எழுத்து மங்குகிறது. இரண்டும் ஒரே பழுப்பு நிறத்தில் சந்திக்கின்றன.

பிரிட்டன் இதற்குக் கண்ட விடை நிறமாற்றம் என்று மேலோட்டமாகத் தோன்றும். உண்மையில் அது பொருள்மாற்றம். நுண்ணிய கண்ணாடி மணிகள் பதித்த மீளொளிர் தாள், தன்மேல் விழும் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். பலகையின் முழுப் பரப்பையும் அத்தாளால் மூடி, எழுத்தை மட்டும் கறுப்பாக விட்டால், முகப்பு விளக்கின் முன் பலகை ஒளிரும். எழுத்து நிழலுருவாக நிற்கும். அந்த நிழலுருவுக்குக் கசிவும் இல்லை, விளக்கும் தேவையில்லை. 1960களின் பிற்பகுதியில் பிரிட்டன் இத்தகைய பலகைகளை அனுமதித்தது. முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள். 1973 ஜனவரி 1 முதல் புதிய வாகனங்களுக்குக் கட்டாயமாக்கியது. மூன்றாண்டு கழித்து, 1976இல், பிரிட்டிஷ் காவல்துறையின் அறிவியல் வளர்ச்சிப் பிரிவு எண் பலகையைத் தானே வாசிக்கும் கருவியை உருவாக்கியது. காவலரின் கண்ணுக்காகப் பிறந்த பலகை ஒளிப்படக் கருவிக்கு இடம்பெயரத் தொடங்கிய காலம் அது. இந்தியா அதற்குப் பின்னும் கால் நூற்றாண்டு கறுப்புத் தகட்டிலேயே இருந்தது.

அந்தக் கால் நூற்றாண்டில் வாசிக்கப்படாத பலகைக்கு விலை கொடுத்தவர் யார் என்பதைச் சட்டப் புத்தகமே சொல்கிறது. 1946இல் மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயமானபோது, பதிவெண் வெறும் காவல்துறைக் குறிப்பாக இருந்த நிலை மாறியது. சாலையில் அடிபட்டவருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையே உள்ள ஒரே கயிறு அந்த எண். எண் தெரிந்தால் உரிமையாளர் தெரிவார், காப்பீடு தெரியும், தீர்ப்பாயத்தில் மனு நிற்கும். இறந்தவரின் வயதையும் வருவாயையும் கணக்கிட்டு இழப்பீடு கிடைக்கும். எண் தெரியாவிட்டால் விபத்தின் சட்டப்பெயரே மாறிவிடுகிறது. நியாயமான முயற்சிகளுக்குப் பின்னும் அடையாளம் காண முடியாத வாகனத்தால் நேர்ந்த விபத்தே 'மோதிவிட்டு ஓடிய விபத்து' என்பது 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 161ஆம் பிரிவு தரும் வரையறை. ஓட்டுநர் ஓடினாரா என்பதை அந்த வரையறை பொருட்படுத்துவதில்லை. வாகனம் அடையாளம் காணப்பட்டதா என்பதே அதன் அளவுகோல். ஓடிய வண்டியின் எண்ணை எவரேனும் வாசித்திருந்தால் அது வேறு வழக்கு.

அவ்வாறு வாசிக்கப்படாத வழக்கில் 1988ஆம் ஆண்டுச் சட்டம் நிர்ணயித்த தொகை, உயிரிழப்புக்கு 8,500 ரூபாய். கொடுங்காயத்துக்கு 2,000 ரூபாய். 1994இல் அது 25,000 ரூபாயும் 12,500 ரூபாயுமாக உயர்ந்தது. அதன் பின் கால் நூற்றாண்டுக்கு மேல் அசையவில்லை. 2022 ஏப்ரல் 1 முதல் 2 லட்சமும் 50,000மும் ஆயிற்று. இரு வழக்குகளிலும் இறந்தவர் ஒருவராகவே இருக்கலாம், அவர் வருவாயும் ஒன்றாகவே இருக்கலாம். சாலையோரத் தேநீர்க்கடையில் நின்ற ஒருவர் அந்த ஓரிரு விநாடியில் எதைப் பார்க்க முடிந்தது என்பதில்தான் வேறுபாடு. எழுத்தின் உயரத்தையும் தடிமனையும் கூறும் 51ஆம் விதி இந்த இடத்தில் இழப்பீட்டுச் சட்டத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது. அவ்வாறு அதை வாசித்தவர்கள் குறைவு.

அந்தத் தேநீர்க்கடைக்காரரின் சுமை 1989இல் இன்னும் கூடியது. புதிய சட்டம் அந்த ஆண்டு ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது மூன்றெழுத்து முறை மறைந்தது. மாநிலத்துக்கு இரண்டு எழுத்து, பதிவு அலுவலகத்துக்கு இரண்டு இலக்கம், தொடருக்கு எழுத்துகள், இறுதியில் நான்கு இலக்கம் என்றானது. ஏழு குறிகள் பத்தாயின. உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, மனிதரின் உடனடி நினைவு ஏழை ஒட்டியே நிற்கும் என்றது. பழைய எண்ணை ஒரே மூச்சில் மனத்தில் இருத்த முடிந்தது. புதியதைத் துண்டாக்கித்தான் இருத்த வேண்டும். உள்ளூர்வாசிக்கு முதல் நான்கு குறிகள் பழகியவை என்பது ஓர் ஆறுதல். நெடுஞ்சாலையில் வெளிமாநில லாரி மோதினால் அந்த ஆறுதலும் இல்லை. பத்துக் குறிகளைக் கொள்ளப் பலகை இரண்டு வரியாயிற்று. எழுத்தின் அளவு வளரவில்லை.

2001–02இல் நிறம் மாறியது. தனியார் வாகனங்கள் வெள்ளையின்மேல் கறுப்புக்கும், போக்குவரத்து வாகனங்கள் மஞ்சளின்மேல் கறுப்புக்கும் பெயர்ந்தன. முந்தைய நாள் வரை 'வாடகை' என்று பொருள்தந்த வெள்ளைப் பலகை, இப்போது 'சொந்தம்' என்று பொருள்தரத் தொடங்கியது. ஒரு குறியீடு தன் எதிர்ப்பொருளை இவ்வளவு விரைவாக ஏற்றது அரிது. பழைய ஒளிப்படங்களோடும் திரைப்படங்களோடும் பணிபுரியும் ஆய்வாளர்க்கு இது ஒரு கால அளவுகோலும்கூட: தனியார் கார் கறுப்புப் பலகை தாங்கியிருந்தால் படம் பெரும்பாலும் இந்த மாற்றத்துக்கு முந்தையது, வெள்ளைப் பலகை கண்டால் அது வாடகை வண்டியா, புதிய காலத்துச் சொந்த வண்டியா என்று வேறு சான்றுகளைத் தேட வேண்டும்.

மாற்றத்தை உந்தியது பாதுகாப்புக் கவலை. உயர் பாதுகாப்புப் பதிவெண் பலகைக்கான அறிவிக்கை 2001 மார்ச் மாதத்திலேயே வெளிவந்துவிட்டது. அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்றத்தின்மேல் நடந்த தாக்குதலுக்கு ஒன்பது மாதம் முன்னரே. ஒரு மில்லிமீட்டர் தடிமன் அலுமினியம், மீளொளிர் தாள், நீல அசோகச் சக்கரம் கொண்ட குரோமிய ஹோலோகிராம், லேசரால் பொறித்த நிரந்தர எண், ஒருமுறை பூட்டினால் உடைத்தே கழற்றக்கூடிய பூட்டு என்று அதன் கூறுகள் விரிகின்றன. இவற்றுள் வாசிப்புக்கு உதவுவது மீளொளிர் தாள் ஒன்றே. பிற அனைத்தும் போலியைத் தடுக்க வந்தவை. ஒப்பந்த நிபந்தனைகளை எதிர்த்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004 நவம்பரில் திட்டத்தை ஏற்றது. ஆயினும் மாநிலங்கள் அசையவில்லை. மனிந்தர்ஜித் சிங் பிட்டா தொடுத்த வழக்கில் 2011–12 வரை நீதிமன்றம் காலக்கெடு விதித்து எச்சரிக்க வேண்டியிருந்தது. 2018 டிசம்பரில் வந்த அறிவிக்கைதான், 2019 ஏப்ரல் 1 முதல் தயாரிக்கப்படும் வாகனங்களுக்கு உற்பத்தியாளரே பலகையை வழங்க வேண்டும் என்று ஆக்கி முட்டுக்கட்டையை அகற்றியது. ஆகவே 2001க்கும் 2019க்கும் இடைப்பட்ட பல பலகைகள் நிறத்தில் மட்டுமே புதியவை. கறுப்புத் தகட்டின் மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, பழைய பெயிண்டரே எழுதியவையும் அவற்றுள் உண்டு. பிரிட்டன் பொருளை மாற்றியபோது நிறம் உடன் மாறியது. இந்தியா முதலில் நிறத்தை மாற்றியது. பொருள் பதினெட்டு ஆண்டு கழித்து வந்தது.

கறுப்பு முற்றிலும் மறையவில்லை என்பது இந்த வரலாற்றின் சுவையான பகுதி. பயணியே ஓட்டிச் செல்லும் வாடகைக் கார்களுக்குக் கறுப்பின்மேல் மஞ்சள் எழுத்து விதிக்கப்பட்டது. தூதரக வாகனங்களுக்கு நீலத்தின்மேல் வெள்ளை. விற்பனையாளரிடம் உள்ள வாகனத்துக்குச் சிவப்பின்மேல் வெள்ளை. 2018 ஆகஸ்டில் மின்வாகனங்களுக்குப் பச்சைப் பலகை வந்தது: சொந்த வாகனமாயின் வெள்ளை எழுத்து, போக்குவரத்து வாகனமாயின் மஞ்சள் எழுத்து. வாகன நிறுத்தக் கட்டணச் சலுகை போன்றவற்றுக்கு மின்வாகனத்தைத் தொலைவிலிருந்தே பிரித்தறிய வேண்டும் என்பது காரணம். 1939இல் பெர்மிட் ஆய்வாளருக்காக நிறத்தின்மேல் ஏற்றப்பட்ட அதே சுமை, இப்போது வாகன நிறுத்தக் காவலாளிக்காக மீண்டும் ஏற்றப்பட்டுள்ளது. எண்ணிக்கையில் இன்று மிக வேகமாகப் பெருகும் பலகைகளுள் பச்சையும் ஒன்று. அடர்நிறத்தின்மேல் வெளிர் எழுத்து என்ற பழைய ஏற்பாடு அவ்வழியாகத் திரும்பிவிட்டது.

திரும்பியதில் தவறில்லை; பெர்கரின் இலக்கங்கள் காட்டியபடி, அடர்நிறப் பலகை நன்கு வாசிக்கப்படக்கூடியதே. அதற்கு இரண்டு ஏற்பாடுகள் தேவை. வெள்ளைக் கோடு மெலிய வேண்டும். இரவில் ஒளிர வேண்டியது எழுத்தாக இருக்க வேண்டும். வெள்ளைப் பலகையில் பின்னணி ஒளிர்ந்து எழுத்து இருள்வதே சரி. பச்சைப் பலகையிலும் பின்னணி மட்டும் மீளொளிர்ந்து, வெள்ளை எழுத்து சாதாரணப் பூச்சாக இருந்துவிட்டால், முகப்பு விளக்கின் முன் இரண்டின் பிரகாசமும் நெருங்கிவரும். பகலில் பளிச்சென்று தெரிந்த எண் இரவில் தட்டையாகும். வேகக் கண்காணிப்புக் கருவிகள் பயன்படுத்தும் அகச்சிவப்பு ஒளியில் நிற வேறுபாடே இல்லை. அங்கு ஒளி திரும்புகிறதா இல்லையா என்பது மட்டுமே எழுத்தையும் பின்னணியையும் பிரிக்கும். ஆனால் 51ஆம் விதி பச்சைக்கெனத் தனித் தடிமன் எதையும் வகுக்கவில்லை. வெள்ளைப் பலகையின் கறுப்பு எழுத்துக்குரிய 10 மில்லிமீட்டரே பச்சைப் பலகையின் வெள்ளை எழுத்துக்கும்.

2024 ஜனவரியில், எஸ். ராஜசேகரன் எதிர் இந்திய ஒன்றியம் என்ற சாலைப் பாதுகாப்பு வழக்கில், மோதிவிட்டு ஓடிய விபத்துகளுக்கான இழப்பீட்டை நாடி வருபவர் மிகச் சிலரே என்பதை உச்ச நீதிமன்றம் கவனித்தது. வாகனம் அடையாளம் காணப்படாத வழக்குகளில் பாதிக்கப்பட்டோர்க்கு இத்திட்டத்தைப் பற்றிக் காவல்துறையே எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்றும், தொகையை உயர்த்த இயலுமா என ஒன்றிய அரசு பரிசீலிக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. எண் ஏன் வாசிக்கப்படாமல் போகிறது என்ற வினா அந்த வழக்கின் எல்லைக்குள் வரவில்லை.